மரப்பாவைக்குக் கைகால் பொருத்தும் முறை

பழவேற்காட்டு ஏரியின் நடுவேயுள்ள பசியாவரத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினராயிருப்போர்க்குப் பிரயோஜனப்படும்படி இப்பாடம் எழுதப்படுகின்றது. வலைத்தொழிலுக்குத் துணையாக ஒரு கைத்தொழிலைக் கைக்கொள்ள விரும்புவோர் பலர். பனையோலை முடைதல் இவ்வேரிக்கரையில் முன்னரே நடந்துவருவது. மரப்பாவை செய்தல் இங்குப் பரம்பரையாக வந்த தொழிலன்று. ஆயினும், உளியும் கொட்டாப்புளியும் அறிந்த கைகள் படகு உள்ள ஊரில் இல்லாமற் போகா. அக்கைகள் இத்தொழிலைப் பயிலுமாயின், முதலிற் கற்கவேண்டியது முகம் செதுக்குதலன்று. கையையும் காலையும் உடலோடு பொருத்துதலேயாம். முகம் சற்றே கோணினால் வாங்குவோர் பொறுப்பர். கை கழன்று விழுந்தால் பொறுக்கமாட்டார்.

இப்பாடத்தின் சாரம் ஒரே வாக்கியத்தில் அடங்கும்: மழைக்காலத்திற் செதுக்குக, மரம் உலர்ந்தபின் பொருத்துக. இதன் காரணமும் செய்முறையும் கீழே முறையாகக் கூறப்படும்.

1. உறுப்புகளைத் தனியே செதுக்குவது ஏன்?

ஒரே கட்டையிற் பாவை முழுவதையும் எடுப்பதே உயர்ந்த முறையென்று சிலர் கருதுவர். பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர்ச் சிற்பிகள் ஒரே கட்டையிற் செதுக்கும் உருவங்களுக்குப் பேர்பெற்றவர்கள். அவ்வூர் மரச்சிற்பங்கள் 2020இல் புவிசார் குறியீடும் பெற்றன. உடலோடு ஒட்டிய கைகளையுடைய உருவத்திற்கு அம்முறை பொருந்தும். கை நீட்டிய பாவைக்கும், கால் தூக்கிய குதிரைக்கும் அது பொருந்தாது. இதற்குக் காரணங்கள் இரண்டு.

முதற்காரணம் மரத்தின் இழை. மரத்தில் இழை ஓடும் திசையில் உள்ள வலிமையில், குறுக்குத் திசையில் இழுத்தால் பத்தில் ஒரு பங்குகூட இராது. விறகு நீளவாட்டில் எளிதிற் பிளப்பதும், குறுக்கே ஒடியாதிருப்பதும் இதனாலேயே. நிற்கும் பாவையின் உடலில் இழை மேல்கீழாக ஓடும். அதே கட்டையிற் பக்கவாட்டில் நீட்டிய கையை எடுத்தால், கையின் நீளத்துக்குக் குறுக்கே இழை அமையும். அக்கை குழந்தையின் பிடிக்கும் தாங்காது. கையைத் தனியே செதுக்கினால், இழை தோளிலிருந்து விரல்வரை நேராக ஓடும்படி அமைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது காரணம் மரத்தின் செலவு. 12 அங்குல உயரமும், கை நீட்டிய அகலம் 12 அங்குலமும், கனம் 3 அங்குலமும் உள்ள பாவையை ஒரே கட்டையில் எடுக்க 432 கன அங்குலம் மரம் வேண்டும். உடலுக்கு 12 அங்குல நீளம், 4 அங்குல அகலம், 3 அங்குலக் கனமுள்ள கட்டையும், கைகளுக்கு 5 அங்குல நீளமும் 1½ அங்குலச் சதுரமுமான இரு துண்டுகளும் கொண்டால் 166½ கன அங்குலமே போதும். ஐந்தில் இரண்டு பங்குக்கும் குறைவான மரத்தில் அதே பாவை உருவாகின்றது. மரத்தை விலைகொடுத்து வாங்கிப் படகில் ஏற்றிக்கொண்டுவரும் ஊருக்கு இது சிறிய இலாபமன்று.

2. இம்முறை பிற இடங்களில் நடந்த வரலாறு

எகிப்து தேசத்தில் சக்காரா என்னுமிடத்தில் 1860இல் மாரியெட் என்ற பிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஒரு மரவுருவத்தைக் கண்டெடுத்தார். அது கி.மு. 2500 அளவிற் செய்யப்பட்டது. அத்திமர வகையால் ஆனது. காஅபெர் என்னும் அதிகாரியின் உருவம் அது. தோண்டிய கூலியாட்கள் அதைக் கண்டவுடன் தங்கள் ஊர்த்தலைவரின் சாயலே இருக்கின்றதென்று வியந்து, 'ஊர்த்தலைவர்' என்றே அதற்குப் பெயரிட்டனர். அவ்வுருவத்தின் கைகள் தனியே செதுக்கித் தோளிற் பொருத்தப்பட்டவை. கோல் பிடித்து மடங்கியுள்ள இடக்கை இரண்டு துண்டுகளால் ஆனது. மடங்கிய கையின் ஒவ்வொரு பாகத்திலும் இழை நீளவாட்டில் ஓடவேண்டுமென்றால் அப்படித்தான் செய்தாகவேண்டும். நான்காயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவ்வுருவம் நிலைத்ததற்குப் பாலைவனக் கல்லறையின் மாறாத வறட்சியும் உதவியது. நமக்கு அவ்வறட்சி இல்லை என்பதை நினைவிற் கொள்க.

ஜப்பான் தேசத்தில் ஊஜி என்னும் ஊரிலுள்ள பியோதோயின் ஆலயத்து அமித புத்தர் உருவம் 1053இல் ஜோச்சோ என்னும் சிற்பியால் அமைக்கப்பட்டது. பல மரத்துண்டுகளைத் தனித்தனியே செதுக்கி இணைக்கும் முறை அவர் கையில் முழுமை பெற்றது. அதனால் விளைந்த பெரும்பயன், ஒரே உருவத்திற் பல தொழிலாளர் ஒரே காலத்தில் வேலைசெய்ய முடிந்ததேயாம். கூட்டுறவுச் சங்கத்தார் கவனிக்கவேண்டிய செய்தி இது.

நமக்கு அண்மையில் இருப்பது கொண்டபல்லி. நம் ஏரியின் பெரும்பகுதி ஆந்திர நாட்டிற் பரந்திருப்பதை அறிவீர்கள். அந்நாட்டில் விஜயவாடாவுக்கு அருகேயுள்ள கொண்டபல்லியில் 'தெல்ல பொனிகி' என்னும் மிக இலேசான மரத்தாற் பொம்மைகள் செய்கின்றனர். மரத்தை முதலில் மெல்லிய சூட்டிற் காட்டி ஈரத்தைப் போக்குவர். தலை, கை, கால் முதலிய உறுப்புகளைத் தனித்தனியே செதுக்குவர். புளியங்கொட்டை மாவையும் மரத்தூளையும் சேர்த்துச் செய்த 'மக்கு' என்னும் பசையால் அவற்றை இணைத்து, இணைப்பு தெரியாதபடி அதனாலேயே பூசி மெழுகுவர். அதன்மேற் சுண்ணம் பூசி, உலர்ந்தபின் வர்ணம் தீட்டுவர். இப்பொம்மைகளை ஆந்திர அரசின் 'லேபாக்ஷி' விற்பனை நிலையங்களிற் காணலாம். ஈரத்தைப் போக்குதலே அவர்கள் தொழிலின் முதற்படி என்பதை உற்று நோக்குக.

3. ஏரிக்காற்றும் மரமும்

மரம் வெட்டுண்டபின்பும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி விரியும். காற்று வறண்டால் ஈரத்தை விட்டுச் சுருங்கும். கரையேற்றி வெயிலில் நெடுநாள் விட்ட மரப்படகின் பலகைகள் இடைவெளி விடுவதையும், நீரில் இறக்கிச் சிலநாட் கழித்தால் அவ்விடைவெளி மூடிக்கொள்வதையும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுவதில்லை. நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். கட்டுமரத்தின் மரங்கள் ஆணியால் அறையப்படாமற் கயிற்றாற் பிணிக்கப்பட்டன. சென்னையிற் துறைமுகம் அமையுமுன் அலையைக் கடந்து சரக்கிறக்கிய மசூலாப் படகுகளின் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அவை அலையில் நெகிழ்ந்து கொடுத்தமையாலேயே உடையாதிருந்தன. மரம் அசையும், அதன் அசைவை அறிந்து இணைக்கவேண்டும் என்பதே அவற்றின் பாடம்.

இவ்வசைவுக்குக் கணக்கும் உண்டு. பச்சைமரம் முற்றும் உலரும்வரை இழையின் நீளத்தில் ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பங்கே சுருங்கும். குறுக்கில், ஆண்டு வளையங்கள் வளையும் திசையில், நூற்றுக்கு 6 முதல் 10 பங்கு சுருங்கும் மரங்கள் பல. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80க்கு மேலிருக்கும் மழைநாட்களில் மரத்தில் 16 முதல் 18 பங்கு ஈரம் நிற்கும். வறண்ட உள்நாட்டு ஊரிலோ, குளிர்சாதனமுள்ள வீட்டிலோ அது 9 அல்லது 10 பங்காகக் குறையும்.

இனி, நிற்கும் பாவையின் தோளில் கையைப் பொருத்தும் இடத்தைக் கருதுவோம். கையின் முனையில் மெலித்து விடப்படும் பகுதியைக் கழுந்து என்றும், அது நுழையும் துளையைக் குழி என்றும் கொள்வோம். உடலில் இழை மேல்கீழாக ஓடுவதால் குழியின் மேல்கீழ் அளவு மாறாது. கழுந்தின் இழையோ பக்கவாட்டில் ஓடுவது. ஆதலால் கழுந்தின் மேல்கீழ் அளவு மரத்தின் குறுக்களவாகி, உலரும்போது சுருங்கும். அரை அங்குலக் கழுந்து ஒன்றை 18 பங்கு ஈரத்திற் பொருத்தி, பின்னர் அது 10 பங்குக்கு உலருமாயின், சாதாரண மரத்தில் ஏறக்குறைய மூன்று காகிதத்தாள் கனம் இடைவெளி விழும். பசை பிடிப்பதற்கு இருக்கத்தக்க இடைவெளி ஒரு தாள் கனமே. ஆகவே மழைநாளில் இறுகப் பொருத்திய கை, வாங்கியவர் வீட்டிற் சித்திரை மாதத்தில் ஆடத் தொடங்கும்.

இங்குத்தான் நமக்கு இடையூறு. ஐப்பசி முதல் மார்கழிவரை, புயலும் மழையுமாகப் படகு செல்லாத நாட்களிலேயே நம்மவர்க்கு ஓய்வு மிகுதி. அந்நாட்களிலேயே காற்றில் ஈரமும் மிகுதி. ஓய்வுள்ள காலத்தில் வேலையை முடித்துவிட வேண்டுமென்ற அவா இயற்கையே. அதற்கு இடங்கொடுத்தால் அவ்வாண்டு வேலை முழுவதும் பழுதாகும். ஆதலால் செதுக்கும் வேலையைப் பொருத்தும் வேலையினின்று பிரித்துவிட வேண்டும்.

4. மரம் உலர்ந்ததை அறிவது எப்படி?

இதற்கு மீன் நிறுக்கும் தராசே போதும். ஒரே பலகையிலிருந்து எடுத்த துண்டுகளில் நாலைந்தைச் சேர்த்துக் கட்டி, நிறுத்து, நிறையை அதன்மேலேயே எழுதுக. அடுப்புச் சூடு படும் பரணில், புகைக்கரி நேரே படாதபடி வைக்க. வாரம் ஒருமுறை நிறுக்க. நிறை குறைந்துவரும் வரையில் மரம் உலர்ந்துகொண்டிருக்கின்றது என்று பொருள். இரண்டு வாரம் தொடர்ந்து நிறை மாறாதிருந்தால் அது பொருத்துவதற்குத் தகுதியாயிற்று. கையால் தொட்டுப் பார்த்தும், தட்டி ஓசை கேட்டும் முடிவுசெய்வது போதாது.

வெயிற்காலத்திலும் ஏரிக்கரைக் காற்று முற்றும் உலர்ந்ததன்று. ஆகையால் கழுந்துள்ள கைகால்களைப் பொருத்தும் நாள்வரை பரணிலேயே வைத்திருந்து, உடலை மட்டும் சில நாட்களுக்கு முன் கீழிறக்கி வீட்டுக்காற்றில் வைக்க. மிக உலர்ந்த கழுந்து சற்றே ஈரமுள்ள உடலில் நுழைந்தால், அங்கே ஈரத்தை ஏற்று விரிந்து இறுகும். இதற்கு மாறாக ஈரக் கழுந்தை உலர்ந்த உடலிற் பொருத்தினால் அது நாளடைவிற் கழலும்.

5. பொருத்தும் முறை

அளவுகளை நூல் கணக்கிற் கூறுவோம். தச்சர் வழக்கில் 8 நூல் ஓர் அங்குலம்.

அ. கழுந்து. 12 நூல் கனமுள்ள கைக்குக் கழுந்து அதன் மூன்றில் ஒரு பங்கு, அஃதாவது 4 நூல் கனம் இருக்கவேண்டும். நீளம் கனத்தைப்போல் இரு மடங்கு, அஃதாவது 8 நூல். கழுந்தைச் சுற்றிலும் கையின் மரம் படிபோல் நிற்கும். அப்படியே உடலிற் படிந்து பாரத்தைத் தாங்குவது. அது சமமாகப் படியாவிட்டால் பசை எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை.

ஆ. குழி. துரப்பணத்தால் 9 நூல் ஆழம் துளைக்க. கழுந்தைவிடக் குழி ஒரு நூல் ஆழமாயிருப்பது மிகுந்த பசை தங்குவதற்கும், கழுந்தின் நுனி அடியில் முட்டுமுன் படி உடலிற் சேர்வதற்குமாம். உடலின் நடுக்கோட்டை முதலிற் கீறி, இரு தோள்களின் உயரத்தையும் மூலைமட்டத்தாற் குறித்தபின்பே துளைக்கத் தொடங்குக. கை மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சாய்ந்திருக்க வேண்டுமாயின், அச்சாய்வுக்குத் துளையிட்ட ஒரு கட்டையை வழிகாட்டியாக வைத்துத் துளைத்தால் எல்லாப் பாவைகளும் ஒரே சாய்வாக அமையும்.

இ. காற்றுவழி. உருண்டைக் கழுந்து குழியில் இறுகப் புகும்போது உள்ளே அகப்பட்ட காற்றும் பசையும் வெளியேற இடமின்றி உடலைப் பிளக்கும். கழுந்தின் ஒரு பக்கத்தில் நீளவாட்டிற் சிறு பள்ளம் கீறிவிட்டால் இக்குறை நீங்கும்.

ஈ. வெள்ளோட்டம். பசை இடுமுன் பசையின்றி ஒருமுறை பொருத்திப் பார்க்க. கை அழுத்தத்தாற் புகவேண்டும். கொட்டாப்புளியால் அடித்துப் புகுத்தும்படி இருக்கலாகாது. தானாக வழுக்கி விழும்படியும் இருக்கலாகாது. படிக்கும் உடலுக்கும் நடுவே காகிதத்தாள் நுழையாதிருக்க வேண்டும்.

உ. பசை. தச்சர் பயன்படுத்தும் வச்சிரம் நன்கு பிடிக்கும், ஆயினும் ஈரத்தில் இளகும், பூசணமும் பிடிக்கும். புளியங்கொட்டைப் பசைக்கும் ஈரம் பகையே. நம் ஊர்க் காற்றுக்குக் கடைகளில் விற்கும் வெள்ளைப் பசையில் நீர்தாங்கும் வகையே உசிதமானது. எப்பசையாயினும் இழையின் வெட்டுமுனையில் உறுதியாகப் பிடிக்காது. இழையின் பக்கத்திலேயே பிடிக்கும். கையின் வெட்டுமுனையை வெறுமனே உடலில் ஒட்டினால் அது நில்லாமைக்குக் காரணம் இதுவே. கழுந்தின் பக்கங்களே உண்மையான பிடிப்பைத் தருவன. ஆகையால் கழுந்தின் பக்கங்களிலும் குழியின் சுவர்களிலும் மெல்லிதாகப் பூசுக.

ஊ. முளை. பசை ஒருநாள் தவறினாலும் கை விழாதிருப்பதற்கு முளை வேண்டும். பாவையின் முதுகுப்புறத்திலிருந்து, தோளின் ஓரத்துக்கு 4 நூல் உள்ளே, குழியைக் குறுக்கிடும்படி ஒரு நூல் துளையிடுக. கழுந்தை உள்ளே வைத்து அத்துளையின் இடத்தைக் குறித்து வெளியே எடுத்து, குறித்த இடத்தினின்று கால் நூல் படியின் பக்கமாகத் தள்ளித் துளையிடுக. முதிர்ந்த மூங்கிலைச் சீவி, நுனி கூராக்கி, அடுப்புச் சூட்டில் உலர்த்தி அடித்தால், முளை கழுந்தை உள்நோக்கி இழுத்துப் படியை உடலோடு இறுக்கும். கால் நூலுக்கு மேல் தள்ளினால் கழுந்து பிளந்துபோம்.

எ. கட்டு. பசை உலரும்வரை கை அசையாதிருக்க வேண்டும். இதற்கு வலைநூலைவிட நல்ல கருவி வேண்டுவதில்லை. துணி சுற்றிய பாவையின்மேல் நூலை நாலைந்து சுற்றுச் சுற்றி, நடுவே ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் வேண்டிய அளவு இறுகும். ஒரு பகலும் இரவும் அப்படியே விடுக.

ஏ. கால். நான்கு காலுள்ள குதிரை, யானை முதலியவற்றின் உடலில் இழை கிடையாகவும், காலில் இழை நேராகவும் ஓடவேண்டும். பெரிய உருவங்களிற் கழுந்தை உடலின் மறுபுறம் வரை விட்டு, அதன் நுனியைப் பிளந்து ஆப்பு அடிப்பதுண்டு. அவ்வாப்பின் வாய் உடலின் இழைக்குக் குறுக்காகவே நிற்கவேண்டும். இழையின் வழியே நின்றால், கழுந்து விரியும்போது உடல் விறகுபோற் பிளக்கும்.

ஐ. மடங்கிய கை. முழங்கையில் மடங்கும் கையை ஒரே துண்டில் எடுக்காமல், மேற்கையையும் முன்கையையும் தனியே செதுக்கி முழங்கையிற் கழுந்தும் குழியுமாக இணைக்க. எகிப்திய உருவத்திற் கண்ட வழி இதுவே.

6. இரும்பாணி வேண்டா

அவசரத்துக்கு ஓர் இரும்பாணி அடித்துவிட்டால் வேலை தீர்ந்ததென்று நினைப்போர் உண்டு. உப்புக்காற்றில் இரும்பு விரைவில் துருவேறும் என்பது ஏரிக்கரையில் யாவர்க்கும் தெரிந்தது. துரு, இரும்பு இருந்த இடத்தைவிடப் பன்மடங்கு இடத்தைக் கொள்ளும். அதனால் ஆணியே ஆப்பாகி மரத்தைப் பிளக்கும். சில மரங்களின் சாறு இரும்போடு சேர்ந்து கரிய கறையுண்டாக்கி, பூசிய வர்ணத்தையும் ஊடுருவிக் காட்டும். ஆணி இன்றியமையாத இடத்திற் பித்தளை ஆணியே கொள்க. மூங்கில் முளை இருக்கும்போது அதுவும் பெரும்பாலும் வேண்டுவதில்லை.

7. சங்கமாகச் செய்யும்போது

உறுப்புகளைத் தனியே செதுக்குவதால் வேலையைப் பலர் பங்கிட்டுக்கொள்ளலாம். ஒருவர் உடலையும், ஒருவர் கைகளையும், ஒருவர் கால்களையும் தத்தம் வீட்டிலிருந்தே செய்யலாம். ஏரியில் மீன்பிடிக்கும் இடத்தையும் முறையையும் சீட்டிட்டுப் பகிர்ந்துகொள்ளும் பாடு என்னும் ஏற்பாடு நம் கிராமங்களுக்குப் பழையது. பங்கிடும் ஒழுங்கு நமக்குப் புதியதன்று. ஆயினும் பாட்டில் ஒருவர் வலை மற்றொருவர் வலையோடு பொருந்தவேண்டுவதில்லை. இங்கே ஒருவர் செய்த கை மற்றொருவர் செய்த தோளிற் பொருந்தியாகவேண்டும். ஆதலால் அளவு ஒன்றாயிருத்தல் இன்றியமையாதது.

இதற்குச் சங்கம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பித்தளைத் தகட்டைக் கொடுக்கலாம். அதில் 4 நூல் துளை ஒன்றும், அதைவிட இரண்டு தாள் கனம் சிறுத்த 12.5 மில்லிமீட்டர் துளை ஒன்றும் இருக்கட்டும். உலர்ந்த கழுந்து பெரிய துளையிற் புகவேண்டும். சிறிய துளையிற் புகலாகாது. இரண்டும் சரியாயின் அக்கை எவர் செய்ததாயினும் எவ்வுடலுக்கும் பொருந்தும். இந்த அளவுகோலை மரத்திற் செய்யலாகாது. அதுவும் மழையிலும் வெயிலிலும் மாறும். செதுக்கும் காலத்தில் எல்லாக் கழுந்துகளையும் ஒரு நூல் மிகுதியாகவே விட்டு, உலர்ந்தபின் இத்தகட்டை வைத்துச் சீவிக்கொள்க. வலக்கையும் இடக்கையும் ஒரே பலகையிலிருந்து எடுக்க. இரண்டும் ஒரேவிதமாகச் சுருங்கும்.

பொருத்தும் வேலையை மட்டும் இரண்டு மூன்று தேர்ந்த அங்கத்தினரிடம் ஒப்புவிப்பது நலம். அவர்கள் பொருத்திய ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பாவையை எடுத்து, ஒருநாள் ஈரச்சாக்கால் மூடியும், மறுநாள் வெயிலில் வைத்தும், இவ்வாறு மும்முறை மாற்றிச் சோதிக்கவேண்டும். படியில் மயிரிழை வெடிப்புக் கண்டாலும் அத்தொகுதியை விற்பனைக்கு அனுப்பலாகாது. சோதித்த பாவையின் விலையை ஒருவர்மேல் சுமத்தாமற் சங்கமே ஏற்கவேண்டும்.

8. வருஷ வேலைக்கிரமம்

ஐப்பசி முதல் மார்கழி வரை: உடல், கை, கால் ஆகியவற்றை முரடாகச் செதுக்குதல், பரணில் ஏற்றுதல்.

தை, மாசி: வாரந்தோறும் நிறுத்தல், முகமும் ஆடையணியும் நுட்பமாகச் செதுக்குதல்.

பங்குனி முதல் ஆனி வரை: கழுந்தை அளவுக்குச் சீவுதல், பொருத்துதல், சோதித்தல்.

ஆடி: இணைப்பில் மக்குப் பூசி மெழுகுதல், சுண்ணம் பூசுதல், வர்ணம் தீட்டுதல்.

ஆவணி, புரட்டாசி: விற்பனை. நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை வாங்குவோர் மிகுந்திருக்கும் காலம் இதுவே.

இக்கிரமத்தில் ஒரு கஷ்டம் இருப்பதை மறைக்கவேண்டுவதில்லை. ஐப்பசியில் உழைத்தவர்க்குப் பணம் அடுத்த ஆவணியிலேயே வரும். மழைக்காலத்தில் அடுப்பெரிய வேண்டுமே என்னும் கவலையால், ஈரமரத்தையே பொருத்தி, வந்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிடத் தூண்டப்படுவர். ஈரத்தில் இணைத்த பாவைகள் பெரும்பாலும் அறியாமையால் செய்யப்படுவன அல்ல, பணமுடையால் செய்யப்படுவன. இதற்குப் பரிகாரம் உளியில் இல்லை; சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் இருக்கின்றது.

செதுக்கிய உறுப்பைச் சங்கத்துப் பரணில் ஒப்படைத்த அன்றே, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலியில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்துவிடவேண்டும். மீதியைப் பொருத்திச் சோதித்தபின்னும், இலாபப் பங்கை விற்பனைக்குப் பின்னும் கொடுக்கலாம். அங்கத்தினர் காத்திருக்க முடியாதபோது, அவர்களுக்காகக் காத்திருப்பதற்கே சங்கம் ஏற்பட்டது. முதலாண்டில் 12 அல்லது 24 பாவைகளுக்கு மேல் எடுத்துக்கொள்ளாதிருப்பின், சிறிய சங்கமும் இம்முன்பணத்தைத் தாங்கும்.

9. கூட்டத்திற் கேட்டுத் தெளியவேண்டிய வினாக்கள்

(1) கை நீட்டிய பாவையின் கையைத் தனியே செதுக்குவதற்குரிய இரண்டு காரணங்கள் யாவை?

(2) மழைநாளிற் பொருத்திய கழுந்து வெயிற்காலத்தில் ஆடுவது ஏன்? எத்திசையில் இடைவெளி விழும்?

(3) கழுந்து, உடல் இவற்றுள் எது மிக உலர்ந்திருக்க வேண்டும்? ஏன்?

(4) முளைத்துளையைக் கால் நூல் எப்பக்கம் தள்ளவேண்டும்? மறுபக்கம் தள்ளினால் என்ன நேரும்?

(5) நம் சங்கத்தில் எத்தனை உறுப்புகளுக்கு இவ்வாண்டு முன்பணம் கொடுக்க இயலும்?

முதல் நான்கு வினாக்களுக்கும் விடை மேலே உள்ளது. ஐந்தாவதற்குரிய விடையை அங்கத்தினர் எல்லோரும் கூடியிருந்து கணக்கைப் பார்த்துச் சொல்லவேண்டும். அதை மழைக்கு முன்னரே சொல்லிவிடுதல் நன்று.